பாளையங்கோட்டைக்கு ஒரு பகல்

சங்கரன்கோவிலில் ஒருவர் "பாளையங்கோட்டைக்குப் போறேன்" என்று சொன்னால் கேட்பவர் முகம் மாறிவிடும். "யாருக்கு என்ன?" என்பதுதான் அடுத்த கேள்வி. ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி அங்கே இருக்கிறது. மத்திய சிறை அங்கே இருக்கிறது. போகிற வழியில் கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸ். நோய், வழக்கு, மனு என்று ஏதாவது ஒரு காரணம் இல்லாமல் ஊர்க்காரர்கள் அந்த பஸ்ஸில் ஏறுவது அபூர்வம். ஆகையால், 1990களின் நடுவில் பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்த ஒரு விசைத்தறிக்காரர் மகள் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "வரலாறு டீச்சர் எங்களை எல்லாம் பாளையங்கோட்டையைச் சுத்திப் பாக்கக் கூட்டிட்டுப் போறாங்க" என்றபோது, முற்றத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த ஆச்சி நம்பவில்லை.

"சுத்திப் பாக்கவா? அங்க என்னட்டி இருக்கு பாக்குறதுக்கு?"

அவளுக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்ததெல்லாம் வினாடிவினாப் புத்தகத்தில் வரும் ஒரு வரிதான்: தென்னகத்தின் ஆக்ஸ்ஃபோர்டு எது? பாளையங்கோட்டை. அதையே சொன்னாள். ஆச்சிக்கு ஆக்ஸ்ஃபோர்டும் தெரியாது. அங்கே யாருக்கு உடம்பு சரியில்லை என்று மறுபடியும் கேட்டாள்.

ஆச்சியின் கேள்வியில் நியாயம் உண்டு. குற்றாலம் என்றால் அருவி, திருச்செந்தூர் என்றால் முருகனும் கடலும். கல்லூரிகளால் பெயர் வாங்கிய ஊருக்குப் போய் எதைப் பார்ப்பது? சுற்றுச்சுவர், வேப்பமரம், சைக்கிள் நிறுத்துமிடம், மணி அடித்தால் வெளியே வரும் பிள்ளைகள். உள்ளே நடந்ததைக் கண்ணால் பார்க்க முடியாது. டீச்சர் போட்ட திட்டம் முழுக்க இந்தச் சிக்கலோடு மல்லுக்கட்டியதுதான்.

முதலில் நாள் பார்க்க வேண்டியிருந்தது. ஞாயிறு போனால் கல்லூரி எதுவும் திறந்திருக்காது. தேவாலயங்களில் ஆராதனை நடக்கும், வேடிக்கை பார்க்க நுழைய முடியாது. வெள்ளிக்கிழமை பாதி வீடுகளில் பெண் பிள்ளைகளைக் கோமதி அம்மன் சந்நிதிக்கு அனுப்புவார்கள், பஸ்ஸுக்கு அனுப்ப மாட்டார்கள். செவ்வாய்க்கிழமை கிளம்பக் கூடாது என்று ஒரு தாய். ஆடித்தபசு மாதத்தில் யாரும் ஊரைவிட்டு நகர மாட்டார்கள். கடைசியில் ஒரு வியாழக்கிழமை தேறியது. ஆச்சி காலண்டர் தாளைப் பார்க்கச் சொன்னாள். வியாழன் ராகு காலம் மதியம் ஒன்றரைக்குத்தான், ஆனால் காலை 6 முதல் ஏழரை வரை எமகண்டம். "ஆறு மணிக்கு முன்னால வாசப்படி தாண்டிரணும்" என்று நிபந்தனை போட்டாள். முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று டீச்சர் சொன்ன நேரமும் ஏறக்குறைய அதேதான். பகுத்தறிவும் பஞ்சாங்கமும் ஒத்துப்போன நாள் அது.

ரயிலில் போகலாமே என்று ஒரு பெண் கேட்டாள். சங்கரன்கோவிலில் ஸ்டேஷன் உண்டு; விருதுநகரிலிருந்து தென்காசிக்குப் போகும் பாதை அது. திருநெல்வேலிக்குப் போக அதில் ஏறினால் தென்காசிக்குப் போய், வண்டி மாறி, சுற்றிக்கொண்டு வர வேண்டும். ஆகவே கட்டபொம்மன் போக்குவரத்துக் கழக பஸ். பனவடலிசத்திரம், தேவர்குளம், மானூர் வழியாக ஜங்ஷன். அந்தக் காலத்தில் மாவட்டத்துக்கே நெல்லை கட்டபொம்மன் மாவட்டம் என்று பெயர். 1997இல் மாவட்டமும் போக்குவரத்துக் கழகமும் ஒருசேர அந்தப் பெயரை இழந்தன. சங்கரன்கோவில் 2019இல் தென்காசி மாவட்டத்துக்குப் போய்விட்டது; இன்று மனு கொடுக்கப் பாளையங்கோட்டைப் பக்கம் போக வேண்டியதில்லை.

எதைப் பார்ப்பது என்பதை டீச்சர் மாணவிகளிடமே கேட்டார். கரும்பலகையில் வந்து விழுந்தவை: நெல்லையப்பர் கோயில், ஈரடுக்கு மேம்பாலம், இருட்டுக்கடை அல்வா, ஏதாவது ஒரு தியேட்டர். தியேட்டரை மட்டும் அழித்துவிட்டு மீதியை அப்படியே விட்டார். அதன் பக்கத்தில் தன் பட்டியலை எழுதினார். அந்தப் பட்டியலைத்தான் அவள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தாள். மற்றவர்கள் அல்வாவை மட்டும் எழுதிக்கொண்டார்கள்.

டீச்சரின் கணக்கு வேறு மாதிரி. எந்தக் கல்லூரி எப்போது தொடங்கியது என்று வரிசைப்படுத்தினால் தூய யோவான் கல்லூரி 1878, சாராள் தக்கர் 1895, தூய சவேரியார் 1923, அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964, மருத்துவக் கல்லூரி 1965, சதக்கத்துல்லா அப்பா கல்லூரி 1971 என்று போய்க்கொண்டே இருக்கும். பரீட்சைக்கு உதவும். ஒரு நாள் முழுக்க வெயிலில் நடக்க அது போதாது. அவர் கேட்ட கேள்வி, இந்த ஊரில் யாரை யார் முதலில் உள்ளே விட்டார்கள் என்பது. அதற்கு முன் எந்தத் திண்ணையிலும் ஏற்றப்படாதவர்கள் இங்கே எந்த வாசல் வழியாக வகுப்புக்குள் நுழைந்தார்கள்? அந்த வாசல்களை மட்டும் பார்த்தால் போதும் என்றார்.

ஜங்ஷனில் இறங்கி டவுன் பஸ் ஏறினால் முதலில் வருவது தாமிரபரணிப் பாலம். அதை ஏன் பட்டியலில் சேர்த்தீர்கள் என்று கேட்டதற்கு டீச்சர் சொன்னது: ஆற்றுக்கு இந்தப் பக்கம் திருநெல்வேலி, அந்தப் பக்கம் பாளையங்கோட்டை, பாலம் இல்லாத காலத்தில் வெள்ளம் வந்தால் படிப்பும் இல்லை, கச்சேரியும் இல்லை. கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியார் தன் சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டி 1843இல் திறந்த பாலம் அது. அரசாங்க வேலையில் இருந்துகொண்டு அரசாங்கத்துக்குப் பாலம் கட்டிக் கொடுத்தவர் என்பதில் பெண்களுக்குச் சந்தேகம் வந்தது. "அப்பம் எவ்வளவு சம்பளம் வாங்கியிருப்பாரு?" என்று ஒருத்தி கேட்டாள். அவர் பரம்பரைச் செல்வந்தர் என்று டீச்சர் விளக்கியும் சிரிப்பு அடங்கவில்லை. இரண்டு ஊர்களும் ஒரே மாநகராட்சி ஆனது அந்தப் பயணத்தை ஒட்டிய காலத்தில்தான், 1994இல்.

முருகன்குறிச்சியில் இறங்கினால் ஊசிக் கோபுரம். அந்தத் தூய திரித்துவ ஆலயத்தை 1826இல் எழுப்பியவர் ரேனியஸ். பிரஷ்யாக்காரர், 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்தவர். திட்டத்தில் டீச்சர் இவருக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்தார், வேறு யாருக்கும் அவ்வளவு இல்லை. ரேனியஸ் தமிழில் பேசியது, எழுதியது எல்லாம் பிறர் சொல்லிக் கேட்கலாம். ஆனால் அவர் 1832இல் எழுதி வெளியிட்ட 'பூமி சாஸ்திரம்' தமிழில் அச்சேறிய தொடக்க கால அறிவியல் நூல்களில் ஒன்று. ஆங்கிலம் படித்தவனுக்குத்தான் பூகோளம் என்றிருந்த நேரத்தில், கிராமத்துப் பள்ளிப் பிள்ளைக்குத் தமிழில் பூகோளம் கொடுத்தவர். ஊர் ஊராகப் பள்ளிகள் திறந்தார், அவற்றில் பெண் பிள்ளைகளுக்கும் இடம் வைத்தார். கடைசியில் தன்னை அனுப்பிய சபையோடேயே கொள்கைச் சண்டை வந்து 1835இல் பிரிந்தார். மூன்று ஆண்டில் இறந்தும் போனார். கல்லறை அடைக்கலபுரத்தில் இருக்கிறது. மதம் பரப்ப வந்தவர்தானே என்று ஒரு மாணவி கேட்டபோது டீச்சர் மழுப்பவில்லை. ஆமாம், அதற்காகத்தான் வந்தார். அதற்காகத் திறந்த பள்ளியில் படித்தவர்கள் எல்லோரும் மதம் மாறவும் இல்லை, மாறியவர்கள் எல்லோரும் படிக்கவும் இல்லை என்றார். அதற்கு மேல் அந்தப் பேச்சை வளர்க்க அவர் விரும்பவில்லை என்பது அவளுக்குப் புரிந்தது. ஊரில் அப்படிப் பேசினால் மாலைக்குள் யாராவது வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுவார்கள்.

அங்கிருந்து பழைய கோட்டைப் பகுதிக்குள் இருக்கும் சின்னக் கோயில். அதற்குப் பின்னால் இருப்பது ஒரு பெண்ணின் கதை. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த மராட்டியப் பிராமண விதவை, ஓர் ஆங்கிலேய அதிகாரியோடு வாழ்ந்தவள். அவளுக்கு ஞானஸ்நானம் தர முதலில் மறுத்த ஷ்வார்ட்ஸ் பாதிரியார் பிறகு 1778இல் தந்தார். குளோரிந்தா என்ற பெயர் அப்போது வந்தது. 1785இல் அவள் முன்னின்று கட்டிய ஆலயம் இன்றும் நிற்கிறது. பாப்பாத்தி அம்மாள் கோயில் என்றால்தான் பழைய ஆட்கள் வழி சொல்வார்கள். பெரிய கோபுரமெல்லாம் கிடையாது. மாணவிகள் அதை ஐந்து நிமிடத்தில் பார்த்து முடித்துவிட்டு, அந்த அதிகாரி என்ன ஆனார் என்பதைப் பற்றி அரை மணி நேரம் பேசினார்கள்.

கோட்டைச் சுவர் என்று ஒன்று பெரிதாக மிச்சமில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இடித்துவிட்டார்கள். வாசல் பகுதிகள் மட்டும் தப்பின. மேற்கு வாசலின் மேல் மேடைப் போலீஸ் ஸ்டேஷன் என்று ஒன்று பல காலம் இயங்கியது. இந்தக் கோட்டைச் சிறையிலிருந்துதான் 1801 பிப்ரவரி 2ஆம் தேதி ஊமைத்துரை தப்பினார். நெல்கட்டும்செவல் பக்கத்து ஊர் என்பதால் சங்கரன்கோவில் பிள்ளைகளுக்குப் பூலித்தேவன் கதை தாய்ப்பாலோடு வந்தது. அவர் சங்கரநாராயணர் கோயிலுக்குள் நுழைந்து ஜோதியில் மறைந்தார் என்றுதான் அவர்கள் கேட்டு வளர்ந்தார்கள். ஒருவர் கோயிலுக்குள் மறைகிறார், இன்னொருவர் சிறையிலிருந்து மறைகிறார் என்று அவள் நோட்டில் எழுதி வைத்தாள். டீச்சர் அதைப் படித்துவிட்டு ஒரு டிக் மட்டும் போட்டார்.

சாராள் தக்கர் கல்லூரிக்குப் பெருமாள்புரம் போக வேண்டும். முன்கூட்டியே கடிதம் எழுதி அனுமதி வாங்கியிருந்தார் டீச்சர். திட்டத்தில் அவர் மிகவும் மெனக்கெட்ட பகுதி இந்தக் கடிதங்கள்தான். ஒவ்வொன்றையும் அச்சுப் பிசகாமல் எழுதி, பதில் தபாலுக்கு உறையில் முகவரியும் எழுதி வைத்து அனுப்பியிருந்தார். ஒரு கல்லூரியிலிருந்து பதிலே வரவில்லை. போய் நின்றபோது வாட்ச்மேன் உள்ளே விடவும் இல்லை. அதைப் பற்றி ரொம்ப நேரம் வருத்தப்பட யாருக்கும் பொழுதில்லை, வெயில் ஏறிவிட்டது. சாராள் தக்கரில் விட்டார்கள்.

சாராள் தக்கர் என்ற அந்த அம்மாள் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. அண்ணன் ஜான் தக்கர் சென்னையில் திருச்சபை ஊழியர் சங்கத்தின் செயலாளராக இருந்தார்; அவர் எழுதிய கடிதங்கள் மூலமாகத்தான் தங்கைக்கு இந்த நாடு தெரியும். உடல் நலம் குன்றியவர். தென்னிந்தியப் பெண்களுக்குப் படிப்பில்லை என்று படித்தறிந்து, இங்கிலாந்திலிருந்தபடியே பணம் திரட்டினார். 1857இல் அவர் இறந்த பிறகு அவர் நினைவாக ஆசிரியப் பயிற்சிப் பள்ளி வந்தது. அதிலிருந்து வளர்ந்து 1895இல் கல்லூரி. ஆரம்பத்தில் இரண்டாம் நிலைக் கல்லூரிதான், முழுப் பட்டப்படிப்பு பிறகு வந்தது. இருந்தாலும் டீச்சர் இந்த இடத்தில் ஒரு ஒப்பீட்டைத் தயாராக வைத்திருந்தார். அசல் ஆக்ஸ்ஃபோர்டு பெண்களுக்குப் பட்டம் கொடுக்கச் சம்மதித்தது 1920இல். அதுவரை அங்கே பெண்கள் வகுப்பில் உட்காரலாம், பரீட்சை எழுதலாம், பட்டம் கிடையாது. கேம்பிரிட்ஜ் இன்னும் மோசம், 1948. "யாரை யாருக்கு உவமை சொல்றதுன்னு நீங்களே முடிவு பண்ணிக்கிடுங்க" என்றார்.

ஆக்ஸ்ஃபோர்டுக்கும் இந்தச் சீமைக்கும் நிஜமான ஓர் இழையும் உண்டு. சாயர்புரத்தில் பள்ளி நடத்திய ஜி.யு. போப்தான் பின்னாளில் ஆக்ஸ்ஃபோர்டில் தமிழ் கற்பித்தார். திருவாசகத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பை 1900இல் வெளியிட்டதும் அங்கே இருக்கும்போதுதான். தேரிக்காட்டு ஓரத்தில் தமிழ் படித்தவர் போய் அங்கே வாத்தியார் ஆனார். சாயர்புரம் ஒரு பகலில் அடங்காது என்பதால் திட்டத்தில் சேரவில்லை.

கட்டுச்சோறு மரத்தடியில் நடந்தது. எலுமிச்சைச் சோறு, புளிச்சோறு, தேங்காய்த் துவையல். ஒரு வீட்டிலிருந்து மட்டும் பிரியாணி வந்திருந்தது, அது கணக்கில் சேருமுன் தீர்ந்தது.

மதியத்துக்கு மேல் பார்வையற்றோர் பள்ளியும் காது கேளாதோர் பள்ளியும். இவற்றைப் பட்டியலில் பார்த்ததும் வகுப்பில் ஒரு முனகல் எழுந்திருந்தது. டீச்சர் அந்த வரிக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு, "பார்க்க அல்ல, பேச" என்று எழுதியிருந்தார். பாவப்பட்டு நிற்கக் கூடாது, மிட்டாய் கொடுக்கக் கூடாது, ஒவ்வொருவரும் தன் பாடத்திலிருந்து ஒரு கேள்வி கொண்டுவர வேண்டும் என்பது உத்தரவு. ஆஸ்க்வித் என்ற ஆங்கிலேய அம்மையார் ஒரே ஒரு பார்வையற்ற பையனுக்குப் பாடம் சொல்லித் தரத் தொடங்கியதிலிருந்து 1890இல் வளர்ந்தது பார்வையற்றோர் பள்ளி. அதே பத்தாண்டில் ஃபுளோரன்ஸ் ஸ்வெய்ன்சன் காது கேளாத பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். பார்வையற்றோர் பள்ளி மாணவி ஒருத்தி புள்ளி எழுத்தில் வரலாற்றுப் பாடத்தைத் தடவி, நிறுத்தாமல் படித்தாள். சங்கரன்கோவில் பெண்களில் பாதிப் பேருக்கு அந்தப் பாடத்தை அச்சில் பார்த்தே அவ்வளவு வேகமாக வாசிக்க வராது. கேள்வி கேட்கப் போனவர்கள் பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

காது கேளாதோர் பள்ளியில், அவளுடைய வகுப்புத் தோழி ஒருத்தி வராந்தாவில் நின்று ஆசிரியை ஒருவரிடம் ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தாள். சேர்க்கை எந்த மாதம், விடுதி உண்டா, எத்தனை வயதுக்குள் வர வேண்டும், செலவு என்ன. அவளுடைய தம்பிக்குப் பிறந்ததிலிருந்து காது கேட்காது. தெருவில் எல்லோருக்கும் தெரியும்; பள்ளியில் சேர்க்கலாம் என்று யாரும் யோசித்ததில்லை, அவன் தறியில் நூல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். திட்டத்தில் அந்தப் பள்ளி எப்படி வந்தது என்று டீச்சர் அன்றைக்கும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. அடுத்த ஜூனில் பையனைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்கள். "பாளையங்கோட்டைக்கா, யாருக்கு என்ன?" என்று பஸ் ஸ்டாண்டில் கேட்டவர்களுக்கு அவன் அம்மா, "பள்ளிக்கூடம்" என்று சொன்னாளாம்.

நான்கு மணிக்கு மேல் திட்டம் சரிய ஆரம்பித்தது. தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறை, நா. வானமாமலையின் நினைவு, நெல்லையப்பர் கோயில், பேட்டையில் மதுரை திரவியம் தாயுமானவர் இந்துக் கல்லூரி, அல்வா எல்லாம் பாக்கி. வானமாமலைக்குப் பார்க்க எந்தக் கட்டடமும் இல்லை, அதனால் அவரை டவுன் பஸ்ஸிலேயே முடித்தார் டீச்சர். நாங்குநேரிக்காரர், 1917இல் பிறந்தவர். அரசியல் காரணமாக நிலையான வேலை இல்லாமல், பாளையங்கோட்டையில் டுடோரியல் நடத்தி, பரீட்சையில் தவறியவர்களைத் தேற்றினார். அதே மனிதர் நெல்லை ஆய்வுக் குழுவைக் கூட்டி, 1969இல் 'ஆராய்ச்சி' என்ற இதழைத் தொடங்கி, முத்துப்பட்டன் கதையையும் கட்டபொம்மு கதைப்பாடலையும் பதிப்பித்தார். பல்கலைக்கழகம் செய்ய வேண்டிய வேலையை டுடோரியல் வாத்தியார் ஒருவர் செய்தார். இன்றைக்கு அந்த ஊரின் ஆய்வு மரபைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவரிலிருந்துதான் தொடங்குகிறார்கள், பிறகு தொ. பரமசிவன் பெயர் வரும். பாளையங்கோட்டையிலேயே பிறந்து, 2020 டிசம்பரில் அங்கேயே மறைந்தவர். உப்பும் உரலும் தெருச்சாமியும் ஆய்வுக்குரியவை என்று காட்டியவர்.

இந்துக் கல்லூரியை வாசலில் நின்று பார்த்ததோடு சரி. பாரதி பையனாகப் படித்த பள்ளி அதன் பழைய வடிவம். புதுமைப்பித்தன் 1931இல் அங்கேதான் பி.ஏ. முடித்தார். மனோன்மணீயம் எழுதிய சுந்தரம் பிள்ளை இளம் வயதில் அந்தப் பள்ளிக்குத் தலைமை ஏற்றிருந்தார். நெல்லையப்பர் கோயில் இசைத்தூண்களைத் தட்டிப் பார்க்க எல்லோருக்கும் முறை வரவில்லை. அல்வா கடை மாலையில்தான் திறக்கும். கூட்டம் தெருவை அடைத்து நின்றது. கடைசி பஸ்ஸைக் கணக்குப் பார்த்து டீச்சர் இரண்டு பேரை மட்டும் வரிசையில் நிறுத்தி, மற்றவர்களை ஜங்ஷனுக்கு அனுப்பினார். அவள் அனுப்பப்பட்ட கூட்டத்தில் இருந்தாள். அல்வா மறுநாள் பள்ளியில் ஆளுக்கு ஒரு விரல் நுனி கிடைத்தது.

இப்போது அவளே சங்கரன்கோவிலில் பள்ளி ஆசிரியை. சென்ற வருடம் தன் வகுப்புக்காக அதே திட்டத்தைத் தூசி தட்டி எடுத்தபோது நேரக்கணக்கு எல்லாம் மாறிவிட்டது. வெளியூர் பஸ்கள் வேய்ந்தான்குளம் புதிய பஸ் நிலையத்துக்குப் போகின்றன. அது பாளையங்கோட்டைப் பக்கம் என்பதால் பாலத்தைப் பார்க்கத் திரும்பி வர வேண்டும். அரசு அருங்காட்சியகம் சேர்ந்திருக்கிறது. அது வெள்ளிக்கிழமை விடுமுறை, இரண்டாம் சனியும் விடுமுறை. ஆச்சியின் வியாழக்கிழமை இன்றும் செல்லுபடியாகிறது. பிள்ளைகள் போனில் வரைபடத்தை விரித்து, மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தையும் சேர்க்கச் சொன்னார்கள். பல்கலைக்கழக நகரம் என்றால் பல்கலைக்கழகம் வேண்டாமா என்பது அவர்கள் வாதம்.

நியாயமான வாதம்தான், ஆனால் பல்கலைக்கழகம் இந்த ஊருக்கு எல்லாவற்றுக்கும் கடைசியாக வந்தது. இந்தக் கல்லூரிகள் முதலில் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இருந்தன, 1966க்குப் பிறகு மதுரையோடு. நெல்லைக்கென்று ஒன்று வந்தது 1990இல்தான். அது இருப்பதும் அபிஷேகப்பட்டியில், நகரத்துக்கு மேற்கே தென்காசி சாலைப் பக்கம். பாளையங்கோட்டையோடு சேர்த்தால் இரண்டு மணி நேரம் பஸ்ஸிலேயே போய்விடும், காது கேளாதோர் பள்ளியை வெட்ட வேண்டிவரும். அவள் அதற்கு ஒப்பவில்லை. அபிஷேகப்பட்டிக்குத் தனியாக ஒரு நாள், ஆலங்குளம் வழியாக, என்று முடிவாயிற்று. அதற்கான அனுமதிக் கடிதத்தை எழுதும் வேலையைப் பிள்ளைகளிடமே கொடுத்திருக்கிறாள். மூன்றாவது வரைவு நடந்துகொண்டிருக்கிறது, பதில் உறை வேண்டுமா மின்னஞ்சல் போதுமா என்பதில் இன்னும் ஒத்துப்போகவில்லை.